பதினோராவது குறி

எதிரே சிங்கப்பூர்க் கரையில் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய கப்பல் தளத்துக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் சிலர் எங்கள் ஜொகூர்ப் பக்கத்தில் ஒரு வாசகசாலை நடத்துகிறார்கள். கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் உண்டு. போன மாதம் நான்கு பேர் வந்து, மாசாய்க்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்த பழைய கப்பல் பட்டறையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். இந்தக் கரையில் தமிழர்கள் முன்பே கப்பல் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் தங்களுக்கெல்லாம் பெருமை என்றான் ஒருவன். பெருமை வேண்டுமென்றால் அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டறையில் கடைசிவரை இருந்தவர்களில் எழுதத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பத்திரிகையில் சேர்ப்பதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சதுப்பு மரங்கள் முடிகிற இடத்தில் நீபாப் பனை ஓலை வேய்ந்த இரண்டு கொட்டகைகள், ஒரு மரம் அறுக்கும் குழி, ஒரு கொல்லன் உலை. கரையிலிருந்து கடலுக்குள் இறங்கும் சரிவில் தண்டவாளம் போட்டிருக்கும். அதைச் சிலிப்பு என்போம். தண்டவாளத்தின் மேல் கட்டையால் செய்த ஒரு தொட்டில். கடலில் பெருக்கு ஏறும்போது தொட்டிலைத் தண்ணீருக்குள் விட்டு, லாஞ்சுப் படகை அதன்மேல் நிறுத்திக் கட்டி, எட்டுப் பேர் வின்சு என்கிற கயிற்று உருளையைச் சுற்றி மேலே இழுப்போம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய பெருக்கில்தான் அது நடக்கும். மற்ற நாளில் தொட்டில் மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் வராது. ஒரு பெருக்கைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பதினைந்து நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முதலாளி சிங்கப்பூரிலிருந்த சீனத் தவுக்கே. மாதம் ஒரு முறை வெள்ளைக் கால்சட்டையோடு வந்து சேறு படாமல் திரும்பிப் போவார். தச்சர்கள் சீனர்கள். மரம் அறுப்பவர்கள் மலாய்க்காரர்களும் ஜாவாக்காரர்களும். வின்சு சுற்றுவதும் கலப்பத்து அடிப்பதும் எங்கள் ஆட்கள். பலகை இடுக்குகளில் சணலைத் திணித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் குழைத்துப் பூசுவதுதான் கலப்பத்து. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால் வெட்டப் பிடிக்காமல் ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் இங்கே ஓடிவந்தேன். இரண்டு வருஷம் வின்சு, மூன்று வருஷம் கலப்பத்து. அதில் சொல்ல ஒன்றுமில்லை. கை காய்த்துப்போனதுதான் மிச்சம்.

சொல்ல வேண்டியது மீராசா மேஸ்திரியைப் பற்றி. நாகப்பட்டினத்துக்காரர். அவர் பரம்பரையே கப்பல் கட்டிய பரம்பரை. மெலிந்த ஆள். வெள்ளைத் தொப்பி, கட்டம்போட்ட கைலி, வெற்றிலை போடமாட்டார், யாரையும் அடித்ததில்லை. அந்தக் காலத்து மேஸ்திரிகளில் அது அதிசயம். எதைச் சொன்னாலும் நம் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்பார். எங்களைப் போன்ற கூலிகளுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்துக் கேட்கிறாரே என்று எல்லாரும் உருகிப்போவோம்.

லாஞ்சு மேலே ஏறியதும் முதல் வேலை தட்டிப் பார்ப்பது. அது மேஸ்திரி மட்டும் செய்கிற வேலை. அந்தச் சின்னச் சுத்தியலை வேறு யாரும் தொடமாட்டார்கள். அடிப்பலகைகளை ஒவ்வொன்றாக, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று இடத்தில் தட்டுவார். கடலில் ஒரு புழு உண்டு. வெளியே ஊசிமுனை அளவு துளைதான் இருக்கும், உள்ளே மரத்தைச் சல்லடையாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நல்ல பலகை கணீர் என்று சொல்லும். அரிக்கப்பட்ட பலகை தொப்பென்று கேட்கும். அப்படிக் கேட்டால் மேஸ்திரி "போடு" என்பார். பின்னால் சுண்ணாம்புக்கட்டியோடு வருகிற ஆள் அந்தப் பலகையில் ஒரு பெருக்கல் குறி போடுவான். குறி விழுந்த பலகையைத் தச்சர்கள் பெயர்த்துப் புதுசு வைப்பார்கள். ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. என் ஆறாவது வருஷத்தில் அந்தச் சுண்ணாம்புக்கட்டி எனக்கு வந்தது.

வந்த முதல் மாதத்திலேயே ஒரு நாள் மேஸ்திரி ஒரு பலகையைத் தட்டினார். நனைந்த அட்டையைத் தட்டியது மாதிரி சத்தம். அவர் பேசாமல் அடுத்த பலகைக்குப் போய்விட்டார். நான் தயங்கி அவர் முழங்கையை லேசாகத் தொட்டேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி தட்டினார். சுத்தியலைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடு" என்றார்.

அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க ஆணி அறைகிற சத்தத்திலும் கொதிகலன் தட்டுகிற சத்தத்திலும் இருந்து அவருக்குக் காது போய்விட்டிருந்தது. நேராக முகம் பார்த்துக் கேட்டதும் மரியாதைக்காக அல்ல, எங்கள் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நாலு வருஷம் அவர் தட்டினார், நான் கேட்டேன். சத்தம் கெட்டிருந்தால் முழங்கையைத் தொடுவேன், அவர் "போடு" என்பார், நான் போடுவேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த நாலு வருஷத்தில் எங்கள் சிலிப்பிலிருந்து இறங்கிய ஒரு லாஞ்சுகூட ஒழுகவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு நான்தான் காது என்று.

இனி மெலாத்தியைப் பற்றி. ஆற்றுக் கழிமுகங்களில் இருக்கும் தோட்டங்களிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போகிற நீராவி லாஞ்சு அது. மலாயில் மல்லிகை என்று பெயரே தவிர, கருவாடும் ரப்பர் தகடும்தான் மணக்கும். அமாவாசைப் பெருக்கில் மேலே ஏற்றினோம். வேலையை முடித்து அடுத்த பெருக்கில் இறக்கியாக வேண்டும். அடிப்பாகத்தைச் சுரண்டிக் காயவிடவும் உள்ளே சேதப்பட்ட கட்டைகளை மாற்றவும் பதினைந்து நாளில் பெரும்பகுதி போய்விட்டது. பிறகு ஒரு மத்தியானம் மேஸ்திரியும் நானும் தட்டிப் பார்த்தோம். பதினொரு பலகைக்குக் குறி விழுந்தது. மேஸ்திரி பதினொன்று என்று எண்ணிச் சொல்லி, மறுநாளைக்கு அத்தனை பலகை தயார் செய்யச் சொன்னார். மறுநாள் அவருக்குச் சிங்கப்பூரில் தவுக்கேயைப் பார்க்கும் வேலை. முதல் படகிலேயே போய்விட்டார்.

அன்று விடியும்போது சுமத்ராக் காற்று அடித்தது. மேற்கிலிருந்து வந்து அரை மணி நேரம் வாரி இறைத்துவிட்டுப் போகிற மழை. மழை விட்டதும் நான்தான் முதல் ஆளாகப் பட்டறைக்கு வந்தேன். லாஞ்சின் வயிறு ஈரத்தில் கறுத்துப் பளபளத்தது. சாய்ந்து அடித்த மழையில் சுண்ணாம்புக் குறி ஒன்றுகூட மிச்சமில்லை.

என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுத்தியலை எடுத்து எல்லாப் பலகையையும் மறுபடி தட்டியிருக்க வேண்டும். ஆனால் தச்சர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி இல்லாமல் நான் தட்டிக் குறி போடுவதை அவர்கள் பார்த்தால், இவ்வளவு நாளும் கேட்டது யார் என்று புரிந்துவிடும். மேஸ்திரி வரும்வரை காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள் போனால் பௌர்ணமிப் பெருக்கும் போய்விடும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இன்னொரு காரணமும் உண்டு. நான் போட்ட குறி எனக்கு மறக்குமா என்ற திமிர்.

சுண்ணாம்புக்கட்டியை எடுத்து ஞாபகத்திலிருந்தே போட ஆரம்பித்தேன். பத்துக் குறி மளமளவென்று விழுந்தது. அந்தப் பத்தில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. பதினோராவது பின்பக்கத்தில், சுக்கானுக்கு இரண்டு முழம் முன்னால். கீழிருந்து ஐந்தாவது பலகையா, ஆறாவதா என்று தெரியவில்லை. குனிந்து நின்றது ஞாபகம் இருக்கிறது, முழங்கையைத் தொட்டது ஞாபகம் இருக்கிறது. எந்தப் பலகை என்பது மட்டும் வரவில்லை. தச்சர்களின் பேச்சுக்குரல் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆறாவதில் போட்டேன்.

தலைமைத் தச்சர் லிம் அந்தப் பலகையைப் பெயர்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். "மாசே பாகுஸ் லா" என்றார். இன்னும் நல்லாத்தான் இருக்கிறது என்று அர்த்தம். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். மேஸ்திரி குறி போடச் சொன்ன பலகை, அவருக்குத் தெரியாததா என்று மலாயில் சொன்னேன். லிம் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகையை விறகுக் குவியலில் போட்டார்.

புதுப் பலகை வைத்ததும் அதன் இரண்டு பக்க இடுக்கிலும் கலப்பத்து அடித்தார்கள். புதுப் பலகைக்குச் சணலை நன்றாக இறுக்கி அறைய வேண்டும். பக்கத்துப் பலகை திடமாக இருந்தால் தாங்கும். உள்ளே புழு தின்ற பலகையாக இருந்தால் அதன் ஓரம் நொறுங்கும். வெளியே குங்கிலியம் பூசியபின் ஒன்றும் தெரியாது. ஆக, நான் கெட்ட பலகையை விட்டுவைத்தது மட்டுமல்ல, அதன் பக்கத்தில் ஆப்பும் அடிக்க வைத்தேன். மேஸ்திரி மறுநாள் வந்து, எல்லாம் முடிந்ததும் புதுப் பலகைகளை எண்ணினார். பதினொன்று சரியாக இருந்தது. தலையாட்டினார். பௌர்ணமிப் பெருக்கில் மெலாத்தி அழகாக இறங்கிப் போனது.

ஆறு வாரம் ஓடியது. ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போகும்போது பின்பக்கம் பிளந்துகொண்டது. ஓட்டுகிற செராங் கெட்டிக்காரர். கரைச் சேற்றை நோக்கித் திருப்பி முழு வேகத்தில் விட்டார். பாதிக்கு மேல் முங்கிய பிறகு தட்டி நின்றது. பெரும்பாலானோர் சேற்றில் புரண்டு கரையேறிவிட்டார்கள். ஒரு கிழவரும், ஒரு இளம் பெண்ணும், அவள் கைக்குழந்தையும் ஏறவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் குழந்தையைக் காட்டப் போய்க்கொண்டிருந்தாளாம். பிள்ளை நழுவிவிடாமலிருக்கச் சேலைத் தலைப்பால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். எங்கள் பட்டறைப் படகில்தான் அவர்களைக் கொண்டுவந்தார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் அப்படியே புதைத்தார்கள். இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

மெலாத்தியை இழுத்துவந்து எங்கள் சிலிப்பிலேயே ஏற்றினோம். கீழிருந்து ஐந்தாவது பலகை. விரலை வைத்தால் உள்ளே போனது. மேஸ்திரி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். விசாரணைக்குச் சர்க்கார் துரை வருகிறார் என்று சேதி வந்தது. அன்று சாயங்காலம் மேஸ்திரி என்னை உலைக்குப் பின்னால் கூப்பிட்டார். நாலு வருஷத்தில் அன்றுதான் அதைப் பற்றிப் பேசினார்.

"என் காது செத்துப்போச்சுன்னு துரைக்குத் தெரிஞ்சா, இந்த நாலு வருஷமா நான் பார்த்துவிட்ட எல்லா லாஞ்சையும் நிறுத்திடுவாங்க, வேலு. பட்டறையப் பூட்டிடுவாங்க. முப்பது குடும்பம் இருக்கு. நீ ஒண்ணும் பேசக் கூடாது."

நான் சொல்ல நினைத்தது வேறு. மழை பெய்தது, குறி அழிந்தது, நான்தான் மறுபடி போட்டேன் என்று. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசைத்திருந்தால் போதும், சத்தம்கூட வேண்டாம். முப்பது குடும்பத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது முப்பது குடும்பமல்ல. சேலை முடிச்சும், அதைப் போட்டவளின் புருஷன் என்னைத் தேடி வருவதும்தான். பயந்துவிட்டேன். சரி என்று தலையாட்டினேன்.

விசாரணை கொட்டகைக்குள் நடந்தது. துரை பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டார், கூட வந்த ஆபீஸ் கிராணி தமிழில் சொன்னார். கிராணியின் மீசை உதட்டை மறைத்ததால் மேஸ்திரிக்குப் புரியவில்லை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கேள்வியையும் அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னேன். துரைக்கு அது மேஸ்திரிக்குக் கூலி காட்டும் பணிவாகத் தெரிந்திருக்கும். இந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தாயா என்று கேட்டார்கள். அதையும் என் வாயாலேயே நான் அவரிடம் கேட்டேன்.

"தட்டினேன். நல்ல சத்தம்தான் கேட்டுச்சு. தப்பு என்னோடதுதான்" என்றார் மேஸ்திரி.

துரை எழுதிக்கொண்டார். இனி இந்த ஆள் எந்தப் படகையும் பரிசோதிக்கக் கூடாது என்று உத்தரவானது. பட்டறைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி நினைத்தபடியே நடந்தது. மூன்றாம் நாள் ஒரு தகரப்பெட்டியோடு படகேறினார். கரைவரை எல்லாரும் போனார்கள். செத்துப்போனவர்களின் தோட்டத்திலிருந்து வந்து நின்ற சிலர் அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பினார்கள். அவர் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

அடுத்த மாதம் தவுக்கே என்னைக் கூப்பிட்டு, தட்டிப் பார்க்கிற வேலையை எனக்கே கொடுத்தார். மேஸ்திரி போகும்போது, வேலுவுக்கு நல்ல காது என்று சொல்லிவிட்டுப் போனாராம். வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். இப்படித்தான் நான் மேஸ்திரி ஆனேன். வாசகசாலைப் பிள்ளைகள் என்னை மேஸ்திரி ஐயா என்று கூப்பிடுகிறார்களே, அந்தப் பட்டம் வந்த வழி இதுதான்.

முப்பது குடும்பத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போதே ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலில் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் திறந்தது. ரயிலே கடல்மேல் ஓடியது. குறுக்கே போய்வந்த படகுகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் வேலையில் பாதி அதோடு போயிற்று. பிறகு தோட்டங்களுக்கு லாரிச் சாலை வந்தது. மீதியும் போயிற்று. ரப்பர் விலை விழுந்தபோது தவுக்கேயும் கைவிட்டார். தச்சர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தண்டவாளத்தைப் பழைய இரும்புக்காரன் பெயர்த்துக்கொண்டு போனான். மேஸ்திரி தன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிய பட்டறை பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. எதற்காக அவர் முகத்தில் எச்சில் விழுந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினேன். அந்த வேலையையும் விட்டு நின்ற பிறகுதான், மேஸ்திரி ஜொகூர் பாருவில் தங்கை மகனுடைய பாய்க்கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடைக்குள் பாய்ச் சுருள்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. முகத்துக்கு நேரே போய் நின்றேன். அவருக்குத் தெரியவில்லை. உதட்டைப் படிக்கிற பார்வை போய்விட்டது. குனிந்து காதுக்குள், "மேஸ்திரி, நான் வேலு" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"அவருக்கு ஒண்ணும் கேக்காதுங்க" என்றார் தங்கை மகன். நாற்பது வயது இருக்கும், நல்ல மாதிரியான மனிதர். "சொல்ல வேண்டியத என்கிட்ட சொல்லுங்க. மாமா உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டுவேன். தமிழ அரபு எழுத்துல எழுதினா புரிஞ்சுக்குவார்."

நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் மேஸ்திரிக்கானவை. இந்த மனிதரிடம் சொல்லி, இவர் கேட்டு, இவர் முகம் மாறி, பிறகு அதை ஒவ்வொரு எழுத்தாக அந்தக் கிழவரின் கையில் எழுதவேண்டும். "வேலு வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றேன். அவர் எழுதினார். மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. கையை நீட்டித் துழாவினார். நான் பிடித்துக்கொண்டேன். காது கேளாதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார்.

"வேலு, அந்தப் பலகைய நான்தான் தட்டாம விட்டிருக்கேன். தட்டியிருந்தா உன் காதுக்குத் தப்பியிருக்குமா? கை தாண்டிப் போயிருக்கு. துரைகிட்டத் தட்டினேன்னு பொய் சொன்னேன். மூணு உசுரு. ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாகிட்ட அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன். நீ மனசுல வச்சுக்காதே."

என் கையை விடவில்லை. பதிலுக்காக மறு கையை விரித்துத் தங்கை மகன் பக்கம் நீட்டியபடியே இருந்தார். அவரும் விரலை அந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன எழுதட்டும்?"

சரி என்று எழுதச் சொன்னேன்.